கட்டவிழ்க்காத கன்றுகள்

கலாவித் கிராமத்தில் கல்யாணமானவர்களில் பாதிப் பேர் பசிலிசாவின் ஞானப்பிள்ளைகள். சொந்த வயிற்றில் ஒன்றுகூடப் பிறக்கவில்லை. அதற்காக யாராவது உச்சுக் கொட்டினால் பசிலிசா விரல் மடக்கி ஞானப்பிள்ளைகளை எண்ணத் தொடங்கிவிடுவாள். தன் விரல்கள் போதாமல் போனதும் உச்சுக் கொட்டியவளின் கையைப் பிடித்து அந்த விரல்களையும் மடக்குவாள். அவ்வளவு பேருக்கு ஞானஸ்நானத் தொட்டியருகிலோ கல்யாணப் பீடத்தின் அருகிலோ ஞானத்தாயாக நின்றிருக்கிறாள். அவர்கள் எல்லோருக்கும் அவள் "நினாங்". சந்தையிலும் ஜீப்பிலும் கோவில் வாசலிலும் எங்கே பார்த்தாலும் ஓடிவந்து அவள் கையை எடுத்து நெற்றியில் வைத்துக்கொள்வார்கள். அவளும் சும்மா விடமாட்டாள், அந்தக் கையில் ஒரு பழமோ ஒரு துண்டு அரிசிப் பணியாரமோ இருக்கும்.

மற்ற ஞானத்தாய்மார் மணப்பெண்ணின் உடையில் பணத்தாள் குத்துவார்கள். பசிலிசா அன்னாசிக் கன்று கொடுப்பாள். கலாவித்தின் அன்னாசி கைக்குள் அடங்கும் சின்னப் பழம், ஆனால் தேன். தாயெத் நகரத்துத் திருவிழாவில் அதற்குத் தனிப் பந்தலே உண்டு. அந்தப் பழத்திலும் பசிலிசாவின் தோட்டத்துப் பழம் என்றால் வியாபாரிகள் நேராக அவள் வேலிக்கே வண்டியைக் கொண்டுவருவார்கள். தென்னைகளுக்கு அடியில் வரிசை வரிசையாகப் பச்சை, ஒரு இலை சிவந்திருக்காது. அந்தச் செடிகளின் அடியில் முளைக்கும் கன்றுகளை ஒடித்து, காட்டுவாழை நாரால் கட்டி, தன் பழைய பாவாடையிலிருந்து கிழித்த ஒரு துண்டைப் பூவாக முடிந்து எடுத்துப் போவாள். விருந்து முடிந்ததும் மணமக்களின் நிலத்துக்கு நடந்து, கட்டில் சேர்க்காமல் தனியாகக் கொண்டுவந்த முதல் கன்றைத் தன் கையால் நட்டுவிட்டு வருவாள். முதல் கன்றைச் சாப்பிட்டு வயிறு நிறைந்தவர்தான் நடவேண்டும், அப்போதுதான் பழம் கனக்கும் என்பது ஊர் வழக்கம். கட்டை அவிழ்த்து மீதியை அந்தக் குடும்பம் நட்டுக்கொள்ளும்.

தனக்கு நடும் கன்றுகளை அவள் அடியிலைகளை உரித்து, வரப்பில் தலைகீழாக அடுக்கி, வெயிலில் நன்றாக வாடவிட்டுத்தான் நடுவாள். எல்லோரும் அப்படித்தான் செய்வார்கள். ஆனால் கொடுக்கும் கன்று அப்படியா? வாடிய கன்றைக் கல்யாணத்துக்குக் கொண்டுபோனால் நாலு பேர் என்ன நினைப்பார்கள்? அதனால் அன்று காலையில் ஒடித்து, பனி ஈரத்தோடு, ஒரு இலை உரிக்காமல் கொடுப்பாள். வாங்குபவர்களும் கொடுத்தவள் எதிரில் இலையை உரித்துப் பார்க்கமாட்டார்கள். பரிசைக் கொடுத்தவர் முன்னால் பிரித்துப் பார்ப்பது நம் ஊரில் வாயைத் திறந்து திட்டுவதற்குச் சமம்.

புருஷன் மமெர்த்தோவுக்கு வேறொரு பைத்தியம். கல்யாணத்தன்று இரவல் வெள்ளைக் கால்சட்டையோடு தென்னையடியில் உட்கார்ந்தவரைச் செவ்வெறும்புகள் சொல்லக்கூடாத இடத்தில் கடித்துவிட்டன. மாப்பிள்ளை பீடத்தின் முன் நெளிந்த நெளிவைச் சொல்லி ஊர் இன்றும் சிரிக்கிறது. அன்றிலிருந்து அவருக்கும் எறும்புக்கும் பங்காளிப் பகை. தினமும் காலையில் காப்பி போட்ட அடுப்பிலேயே இன்னொரு கெட்டில் வெந்நீர் வைத்து, தோட்டம் முழுக்கத் தேடித்தேடிப் புற்றுகளில் ஊற்றிவிட்டுத்தான் வாய் கொப்பளிப்பார். எறும்புத் தளபதி என்று பேர். அந்தத் தோட்டத்தில் எறும்பைப் பார்ப்பது அபூர்வம்.

இப்படிப் போய்க்கொண்டிருந்த வாழ்க்கையில்தான் ஜோவெலின் ஒரு உரச்சாக்கைச் சுமந்துகொண்டு வந்தாள்.

பசிலிசா முற்றத்தில் உட்கார்ந்து அன்னாசி சீவிக்கொண்டிருந்தாள். ஜோவெலினைக் கண்டதும் முகம் மலர்ந்தது. ஞானஸ்நானத் தொட்டியில் வீறிட்டு அழுது சாமியாரின் கண்ணாடியைத் தட்டிவிட்ட பிள்ளை இது. மணிலாவில் துணிக்கடையில் நின்று சம்பாதித்துவிட்டு, ரிக்கோவைக் கல்யாணம் முடித்து, போன வருடம்தான் ஊரோடு வந்து, பசிலிசா கொடுத்த கன்றுகளைக் குத்தகை நிலத்தில் நட்டிருந்தாள். அவள் தங்கை மிண்டாவுக்கு அடுத்த சனிக்கிழமை கல்யாணம். அதற்கும் பசிலிசாதான் ஞானத்தாய்.

"என்னடி மூட்டை? கல்யாணப் பன்னியா? குட்டியாட்டம் இருக்கே!"

"செடி, நினாங்."

ஜோவெலின் சாக்கைக் கவிழ்த்தாள். விழுந்தது ஒரு அன்னாசிச் செடி. இலைகள் வெந்த இறால் நிறத்துக்குச் சிவந்து, நுனி சுருண்டு கீழ்நோக்கி மடங்கியிருந்தன. வேர் இருக்கவேண்டிய இடத்தில் கறுத்த நார் நாலைந்து தொங்கியது.

"ஒரு கையால இழுத்தேன், வந்துருச்சு. ஓரமா நாலு செடிதான் முதல்ல சிவந்துச்சு. இப்ப பாதி நிலம்."

"தண்ணி விட்டியா?"

"மழைதான் தினம் கொட்டுதே."

"உரம்?"

"போட்டாச்சு."

"அப்ப சோம்பேறித்தனம். ஏசிக் கடையில நின்ன காலு, சேத்துல இறங்குமா? களை எடுக்காம செல்போனைத் தடவிக்கிட்டு உக்காந்திருப்பே."

ஜோவெலின் சிரிக்கவில்லை. வழக்கமாகச் சிரிப்பாள்.

"டவுன்ல விவசாய ஆபீசுக்குத் தூக்கிட்டுப் போனேன் நினாங். அங்க இருக்கற அம்மா அடியிலையை உரிச்சு பூதக்கண்ணாடியில காட்டினாங்க. மாவுப்பூச்சி. வெள்ளையா, மாவு தூவின மாதிரி. அது சாறு குடிக்கறப்ப ஒரு வைரசைச் செடிக்குள்ள விட்டுடுதாம். எறும்புங்க அதைத் தூக்கிட்டுப் போய் அடுத்த செடியில குடிவெக்குதாம். பூச்சிகிட்ட வர்ற தேனை நக்கறதுக்காக, நாம ஆடு மேய்க்கற மாதிரி மேய்க்குதாம்."

"அப்ப எறும்பைக் கொல்லு. தளபதிகிட்ட கெட்டில் இருக்கு, இரவல் வாங்கிட்டுப் போ."

"எறும்பு பரப்பத்தான் செஞ்சுது. முதல்ல எங்கருந்து வந்துச்சுன்னு கேட்டாங்க." ஜோவெலின் தரையைப் பார்த்தாள். "கன்னு யார்கிட்ட வாங்கினேன்னு."

பசிலிசாவின் கத்தி நின்றது.

"என்ன சொன்னே?"

"ஒருத்தர் கொடுத்தாங்கன்னு சொன்னேன். பேர் சொல்லலை."

"ஏன் சொல்லலை? என் பேருக்கு என்ன கேடு? என் தோட்டத்துல ஒரு இலை சிவந்து நீ பாத்திருக்கியா?"

"இல்ல நினாங். அதைத்தான் நானும் கேட்டேன். சில செடியில வைரஸ் இருக்குமாம், ஆனா வெளிய காட்டாதாம். பூச்சியும் கூடச் சேந்து கடிச்சாத்தான் சிவக்குமாம். ஆனா அதுல முளைக்கற கன்னுங்களுக்குப் பிறவியிலேயே…"

"தாய் கல்லுக்குண்டா நிக்குது, பிள்ளைக்கு மட்டும் பிறவி நோயா? அந்தப் பொம்பளை என்ன படிச்சா?"

"நினாங், நான் சண்டைக்கு வரலை." ஜோவெலின் காலிச் சாக்கை மடித்தாள். "நிலத்துக்காரர் வந்து பாத்துட்டுப் போயிட்டார். குத்தகை நிலத்தைச் சுடுகாடா ஆக்கிட்டேன்னு சொன்னார், வேற ஆளுக்கு விடப்போறார். ரிக்கோ மறுபடி மணிலாவுக்குக் கட்டட வேலைக்குப் போயாச்சு. எனக்கு ஆனது ஆச்சு. மிண்டாவுக்குக் கன்னு கொடுக்காதீங்க. அவ்வளவுதான் கேக்கறேன். பணியாரம் கொடுங்க, பன்னி கொடுங்க, வெறுங்கையோட வந்தாலும் சந்தோஷம். கன்னு மட்டும் வேணாம்."

பசிலிசா எழுந்தாள். மடியிலிருந்த அன்னாசித் தோலெல்லாம் சிதறியது.

"தானமா கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடிச்சுப் பாக்க வந்துட்டியா? இத்தனை வருஷத்துல எந்தப் பிள்ளையும் இந்த முற்றத்துல நின்னு இப்படிப் பேசினதில்லை. அர்னுல்போ தோட்டத்தைப் போய்ப் பாரு. நான் கொடுத்த கன்னுதான். எப்படி நிக்குதுன்னு பாரு! உன் கை விளங்காத கைடி, என் கன்னு இல்ல!"

ஜோவெலின் மடித்த சாக்கோடு கிளம்பினாள். போகும்போது ஞானத்தாயின் கையை எடுத்து நெற்றியில் வைக்கவில்லை. பசிலிசாவின் கை பாதி நீண்டு, காற்றில் நின்று, பிறகு பாவாடையில் துடைத்துக்கொண்டது. இருபத்துநாலு வருடத்தில் இது முதல் தடவை.

மமெர்த்தோ கெட்டிலோடு வந்து, செடியிலிருந்து கீழே ஊர்ந்துகொண்டிருந்த எறும்புகள் மேல் வெந்நீரை ஊற்றினார். மனைவியை ஒரு பார்வை பார்த்தார். என்னவோ சொல்ல வந்தவர் போல வாயைத் திறந்து, இருமிவிட்டு உள்ளே போய்விட்டார்.

மறுநாள் காலையில் பசிலிசா அர்னுல்போவின் தோட்டத்துக்குக் கிளம்பினாள். அர்னுல்போ அவள் ஞானப்பிள்ளைகளிலேயே வாய்ச் சாலகன். கல்யாணத்துக்கு ஒரு கட்டு, தனி நிலம் வாங்கியபோது ஒரு கட்டு என்று அவனுக்குக் கொடுத்ததே அதிகம். வேலியோரம் நின்று பார்த்தபோது அவளுக்கு மார்பு நிறைந்தது. கண்ணுக்கு எட்டிய தூரம் பச்சை. பழங்கள் கொண்டை வைத்து நின்றன.

"யாரு, நினாங்கா!" அர்னுல்போ ஓடிவந்து அவள் கையை நெற்றியில் வைத்துக்கொண்டான். "வாங்க, வாங்க. காப்பி குடிக்காம போகக்கூடாது. எல்லாம் நீங்க கொடுத்த பிச்சை!"

"என் கன்னுதானேடா?"

"பின்னே? வேற யாரு கன்னு இப்படி நிக்கும்? நினாங் கைராசி!"

பசிலிசாவுக்கு அவன் கன்னத்தைக் கிள்ளவேண்டும் போலிருந்தது. ஜோவெலினை இங்கேயே இழுத்துவந்து நிறுத்தவேண்டும், இந்த வரிசைகளை ஒவ்வொன்றாகக் காட்டவேண்டும், அப்புறம் அழுதால் அணைத்துக்கொள்ளவேண்டும் என்று மனதுக்குள் ஒத்திகை பார்த்தாள். அந்த அணைப்பு வரைக்கும் பார்த்துவிட்டாள். காப்பியைக் குடித்துவிட்டு, வந்ததுதான் வந்தோம், ராத்திரிக் குழம்புக்கு ஒரு பிடி காட்டுக்கீரை பறிக்கலாம் என்று தோட்டத்தின் பின்னால் இருந்த பள்ளத்தில் இறங்கினாள்.

"அங்க வழுக்கும் நினாங்!" என்று அர்னுல்போ மேலேயிருந்து கத்தினான். "கீரையை நான் கொண்டுவந்து தர்றேன், ஏறி வாங்க!" அவன் குரலில் இருந்த பதற்றம் வழுக்கலுக்கானது என்றுதான் அவள் நினைத்தாள்.

பள்ளத்தின் அடியில், கீரைக்கும் கொடிகளுக்கும் நடுவே, ஒரு அன்னாசிப் புதர் இருந்தது. காட்டில் அன்னாசி தானாக முளைக்காதே என்று கிட்டே போனாள். கன்றுகள் விழுந்த இடத்திலேயே, ஒன்றின்மேல் ஒன்று சாய்ந்தபடி வேர்விட்டு வளர்ந்திருந்தன. பாதி சிவந்து சுருண்டிருந்தன. அவற்றின் இடுப்பைச் சுற்றிக் காட்டுவாழை நார். நாரின்மேல், மழையில் வெளுத்த மஞ்சள் துணிப் பூ. மஞ்சள் பூப்போட்ட அந்தப் பாவாடையை அவள் இரண்டு வருடத்துக்கு முன்பு அர்னுல்போவின் கட்டுக்காகக் கிழித்தாள். கட்டு அவிழ்க்கப்படவே இல்லை. அதற்குப் பக்கத்தில் நீலக் கட்டம் போட்ட துணி. அது பக்கத்து நிலத்து ஞானமகளுக்குக் கொடுத்தது. அந்தப் பக்கம் பச்சை, அதற்கும் கீழே துணியே மக்கிப்போன ஒரு கட்டு. தன் பாவாடைகளெல்லாம் அந்தப் பள்ளத்தில் கிடப்பதை அவள் நின்று பார்த்தாள். பிறகு ஈரத்திலேயே உட்கார்ந்துவிட்டாள்.

மேலே அர்னுல்போவின் சத்தம் நின்றிருந்தது.

அவள் கீரை பறிக்காமல் வேறு வழியாக ஏறி வீட்டுக்குப் போனாள். போகும் வழியில் ஞானப்பிள்ளைகள் வேலிக்கு வேலி "நினாங்!" என்று கை அசைத்தார்கள். நேற்றுவரை அந்தச் சத்தம் அவளுக்குக் கோவில் மணி. இன்று ஒவ்வொரு குரலைக் கேட்கும்போதும் இவனுடைய கட்டு எந்தப் பள்ளத்திலோ என்றுதான் தோன்றியது.

மமெர்த்தோ அடுப்படியில் இருந்தார்.

"யோவ். உனக்குத் தெரியுமா?"

"என்ன தெரியுமா?"

"கன்னு."

அவர் கெட்டிலின் மூடியை எடுத்து உள்ளே பார்த்தார். கொதிக்காத தண்ணீரில் பார்க்க ஒன்றுமில்லை.

"ஊருக்கே தெரியும் இசா. முதல்ல நட்ட ரெண்டு மூணு பேருக்குச் சிவந்துபோச்சு. அப்புறம் ஒருத்தர்கிட்ட ஒருத்தர் சொல்லிக்கிட்டாங்க. வாங்கிக்குவாங்க, நீ போனதும் நீ நட்டதையும் பிடுங்கி, கட்டோட கொண்டுபோய்க் கொட்டிட்டு வேற ஊர்ல கன்னு வாங்கி நட்டுக்குவாங்க."

"எங்கிட்ட ஒரு வாய் சொல்லக்கூடாதா? நீயுமா?"

"எப்படிச் சொல்றது? கன்னு கட்டற அன்னிக்கு உன் மூஞ்சியை நீ பாத்ததில்லை. நான் பாத்திருக்கேன். அதைப் பாத்துட்டு எவனுக்கும் வாய் வராது."

"ஜோவெலினுக்கு வந்துச்சே!"

"அவ மணிலாவுல இருந்தா. விஷயம் தெரியாது. அவ அம்மா சொல்லுவான்னு நானு, நான் சொல்லுவேன்னு அவ அம்மா… கடைசியில யாரும் சொல்லலை. பாவி மக, நீ கொடுத்ததை ஒண்ணு விடாம நட்டுட்டா."

பசிலிசாவுக்கு அது நெஞ்சில் குத்தியது. இத்தனை பிள்ளைகளில், அந்த முதல் இரண்டு மூன்று பேருக்குப் பிறகு, அவள் கொடுத்ததைக் கட்டவிழ்த்து, முழுவதும் நம்பி நட்டவள் ஒருத்திதான். அவளைத்தான் விளங்காத கை என்று சொல்லி அனுப்பியிருந்தாள்.

அவள் நேரே தோட்டத்துக்குப் போய், திடமான ஒரு செடியாகப் பார்த்து, அடியிலிருந்த கன்றை ஒடித்தாள். அடியிலைகளை ஒவ்வொன்றாக உரித்தாள். கொடுக்கும் கன்றை அவள் ஒருநாளும் உரித்ததில்லை. கடைசி இலையின் மடிப்பில், நகக்கண் அளவு, வெள்ளையாக மாவு. தொட்டதும் பிசுபிசுத்தது. தனக்கு நட்டதையெல்லாம் உரித்துக் காயப்போட்டதில் பூச்சி செத்தது. இருந்த கொஞ்சத்தைத் தூக்கித் திரிய எறும்பு இல்லை, தளபதி விடவில்லை. அதனால்தான் நோய் செடிக்குள்ளேயே பேசாமல் படுத்துக்கிடந்திருக்கிறது. பிள்ளைகளுக்குத்தான் பச்சையாக, ஈரமாக, பூச்சியோடும் நோயோடும் சேர்த்துத் துணிப்பூ முடிந்து கொடுத்திருக்கிறாள். நல்லதாகக் கொடுக்கவேண்டும் என்ற ஆசைதான் விஷமாகிவிட்டது. அவள் வாய்விட்டு அழுதாள். அழுகையில் துக்கத்தைவிட வெட்கம் அதிகம், வெட்கத்தைவிடக் கோபம் அதிகம்.

ஜோவெலின் வீட்டுக்கு இரண்டு தடவை போனாள். முதல் தடவை ஆளில்லை. இரண்டாம் தடவை கதவுக்குப் பின்னால் ஆள் இருந்தது தெரிந்தும் கதவு திறக்கவில்லை. ஆக, சொல்லவேண்டியதைக் கல்யாணத்தில் எல்லோர் முன்னாலும் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தாள்.

சனிக்கிழமை பூசை முடிந்து, பன்றி வெட்டி, சேம்பிலைத் தேங்காய்ப்பால் குழம்பு பரிமாறி, ஞானத்தாய்மார் பரிசு கொடுக்கும் நேரம் வந்தது. பசிலிசா ஒரு கவளம்கூடச் சாப்பிடவில்லை. மைக்கை வாங்கினாள்.

"மிண்டாவுக்கு நான் கன்னு கொண்டுவரலை. என் கன்னு நோய்க்கன்னு. உங்க எல்லாருக்கும் அதைத்தான் கொடுத்திருக்கேன். ஜோவெலின் நிலம் போனது என்னாலதான். தெரியாம செஞ்சேன். மன்னிச்சிடுங்க."

அவள் எதிர்பார்க்காதது நடந்தது. எல்லோரும் ஒரே நேரத்தில் மறுக்கத் தொடங்கினார்கள்.

"ஐயோ, என்ன பேச்சு நினாங்!"

"யாரோ பொறாமையில கிளப்பிவிட்டது!"

அர்னுல்போ நாற்காலிமேல் ஏறிவிட்டான். "என் தோட்டத்தை வந்து பாருங்க! அத்தனையும் நினாங் கன்னு! நோயாம் நோய்!"

மிண்டாவின் அம்மாவுக்கு உண்மை தெரியும். ஆனாலும் சம்பந்தி வீட்டார் முன்னால் அவள் முகம் சுருங்கியது. "ஊர்ல எல்லாருக்கும் கிடைச்சுது, எம் பொண்ணுக்கு மட்டும் இல்லையா? அப்படி என்ன குறை வெச்சோம்?" என்றாள். மணப்பெண் அழ ஆரம்பித்தாள். மாப்பிள்ளையின் பெரியப்பா வெளியூர்க்காரர், பெரிய மனுஷத்தனமாக எழுந்தார்.

"அம்மா தன்னடக்கமா பேசறாங்க. சுமந்துட்டு வர முடியாத வயசு, நாமதான் புரிஞ்சுக்கணும். நாளைக்குக் காலையில நாங்களே வண்டியோட வந்து ஒடிச்சுக்கறோம். பெரிய கட்டா!"

எல்லோரும் கை தட்டினார்கள். ஜோவெலின் மட்டும் தட்டவில்லை. பந்தக்காலைப் பிடித்துக்கொண்டு பசிலிசாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மரியாதை என்பது இவ்வளவு முரட்டுத்தனமாக இருக்குமென்று பசிலிசாவுக்கு அன்றுதான் தெரிந்தது. உண்மையைச் சொல்லியும் விடமாட்டேன் என்கிறார்கள். இவர்களிடம் இனி வாயால் சொல்லிப் பயனில்லை. அவள் மைக்கை மேசைமேல் வைத்துவிட்டு, விசேஷத்துக்கென்று தைத்த உடையோடு, வெயிலில் நடந்து வீட்டுக்குப் போனாள். செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டுத் தோட்டத்தில் இறங்கினாள்.

முதல் செடியைப் பிடித்து இழுத்தாள். வரவில்லை. நோய் முற்றிய செடி தொட்டால் வந்துவிடும். இது பூமியை விடமாட்டேன் என்றது. அதன்மேல் பழம் பழுக்கத் தொடங்கியிருந்தது. முள் உள்ளங்கையைக் கிழித்தது. இரண்டு கையாலும் பிடித்துப் பின்னால் சாய்ந்து இழுத்தாள். வேர் அறுந்து வந்தபோது அவளும் சேர்ந்து விழுந்தாள். எழுந்து அடுத்ததைப் பிடித்தாள்.

பின்னாலேயே மூச்சிரைக்க வந்த மமெர்த்தோ வேலியருகே நின்றார்.

"நல்லா இருக்கற செடிடி இசா. காய் முத்தி நிக்குது."

"நல்லா இருக்கறதுதான்யா வினை. சிவந்திருந்தா எப்பவோ பிடுங்கியிருப்பேன்."

அவர் போய் மண்வெட்டியைக் கொண்டுவந்து, பக்கத்து வரிசையில் வேரோடு தோண்ட ஆரம்பித்தார். பிடுங்கியதைக் குவித்து, காய்ந்த தென்னோலை போட்டுத் தீ வைத்தார். பச்சைச் செடி லேசில் எரியவில்லை. புகைதான் ஊரைப் பார்த்துப் போனது.

புகையைப் பார்த்துவிட்டுப் பந்தலிலிருந்து ஆட்கள் வந்தார்கள். விருந்துச் சட்டையோடு வேலியோரம் வரிசையாக நின்றார்கள். அர்னுல்போவுக்கு மட்டும் சும்மா இருக்க முடியவில்லை. பழக்கதோஷம்.

"நினாங், பிடுங்கறதுதான் பிடுங்கறீங்க, எனக்கு ஒரு கட்டு தனியா வெச்சிடுங்க. உங்க கன்னு மாதிரி வருமா?"

பசிலிசா நிமிர்ந்தாள். முகமெல்லாம் புகைக்கரி.

"எதுக்குடா? பள்ளத்துல மஞ்சப் பாவாடைக்குத் துணைக்கா?"

அர்னுல்போவின் வாய் திறந்தபடியே நின்றுவிட்டது. யாரோ ஒருத்தி தலையைக் குனிந்துகொண்டாள், நீலக் கட்டத் துணிக்காரி. அவளைப் பார்த்து இன்னொருவன் குனிந்தான். மமெர்த்தோ மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு இருமினார், இருமலா சிரிப்பா தெரியவில்லை. அர்னுல்போ மெதுவாகத் தன் கல்யாணச் சட்டையைக் கழற்றி வேலியில் போட்டான். உள்ளே இறங்கி, ஒரு செடியின் கழுத்தைப் பிடித்தான். மற்றவர்களும் ஒருவர்பின் ஒருவராக இறங்கினார்கள். மாப்பிள்ளையின் பெரியப்பா மட்டும் இதெல்லாம் என்ன ஊர் என்று முணுமுணுத்தபடி பந்தலுக்குத் திரும்பிப் போனார்.

ஜோவெலின் கடைசியாக வந்தாள். பசிலிசாவின் வரிசையிலேயே, எதிர்முனையிலிருந்து பிடுங்கிக்கொண்டு வந்தாள். பாதி வரிசையில் இருவரும் சந்தித்தார்கள். நடுவில் ஒரு செடி.

"சாப்பிட்டீங்களா நினாங்?"

"நடறதுக்குத்தான்டி வயிறு நிறையணும். பிடுங்கறதுக்கு எதுக்கு?"

இருவரும் சேர்ந்து இழுத்தார்கள். செடி வந்தது.

"திங்கக்கிழமை பஸ் ஏறறேன்," என்றாள் ஜோவெலின். "ரிக்கோ ஒரு ரூம் பாத்திருக்கான். பழைய கடையிலயே வேலை தர்றாங்களாம்."

போகாதே என்று சொல்ல பசிலிசாவுக்கு ஆசைதான். எந்த நிலத்தைக் காட்டிப் போகாதே என்பது? உன் கை விளங்காத கை இல்லையடி என்று சொல்லத்தான் நினைத்தாள். ஊருக்குப் போகும் பிள்ளைக்கு எதையாவது கொடுத்தனுப்பும் பழக்கத்தில் அவள் கை தானாக மடியைத் தடவியது. மடியில் ஒன்றுமில்லை. சுற்றிலும் பார்த்தாள். பிடுங்கியதெல்லாம் குவியலில் புகைந்துகொண்டிருந்தது, கொடுக்கத்தக்க கன்று ஒன்றுகூட இல்லை. கையை மறைத்துக்கொள்ளப் போனாள்.

ஜோவெலின் அந்தக் கையைப் பிடித்து இழுத்தாள். முள் கிழித்து, மண்ணும் ரத்தமும் அப்பியிருந்த அந்த வெறுங்கையைக் குனிந்து தன் நெற்றியில் வைத்துக்கொண்டாள். வழக்கத்தைவிடக் கொஞ்சம் அதிக நேரம் வைத்திருந்தாள். பிறகு நெற்றியில் ஒட்டிய மண்ணைத் துடைக்காமலே, அடுத்த வரிசைக்குப் போனாள்.